எதை விட்டு எதைப் பிடிப்பது



ஜப்பானின் வடகிழக்கில் சென்டாய் என்றொரு நகரம். 1987 ஜூலை 15 அன்று அங்கே நான்போகு என்ற சுரங்க ரயில் தடம் திறக்கப்பட்டது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் உண்டு. ஆனால் வேகம் கூட்டுவதும் பிரேக் பிடிப்பதும் கணினியின் பொறுப்பு. அந்தக் கணினிக்குக் கொடுக்கப்பட்டிருந்த கட்டளைகளில் 'நன்றாக', 'மோசமாக', 'மிக நன்றாக' போன்ற சொற்கள் இருந்தன என்பதுதான் செய்தி. ஹிட்டாச்சி நிறுவனத்தின் பொறியாளர்கள் செய்ஜி யாசுனோபு, ஷோஜி மியாமோட்டோ இருவரும் உருவாக்கிய முறை அது. இன்று நான் பேச வந்தது ரயிலைப் பற்றி அல்ல. ஒரே நேரத்தில் பல ஆசைகள் இருக்கும்போது, அந்த ஆசைகளை வெறும் சொற்களில் சொல்லி, அவற்றைக் கொண்டு ஒரு முடிவுக்கு வர முடியுமா என்பதுதான் என் பேச்சு. அதற்கு ரயில் நல்ல வாசல்.

ஒரு ரயிலை நிலையத்தில் நிறுத்துவதில் ஐந்தாறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. குறித்த நேரத்தில் வர வேண்டும். நடைமேடையில் போட்டிருக்கும் குறிக்கு நேராக நிற்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் பயணி தள்ளாடக் கூடாது. மின்சாரம் வீணாகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வேக வரம்பு. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. நேரத்தைப் பிடிக்க வேகமாக வந்தால் கடைசியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். குறிக்குச் சரியாக நிற்கப் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் குலுங்குவார்கள். அதற்கு முன்பிருந்த தானியங்கி முறைகள் வேகத்துக்கு ஒரு கோட்டை முன்கூட்டியே வரைந்துகொண்டு, அந்தக் கோட்டை விட்டு விலகும்போதெல்லாம் திருத்திக்கொண்டே போகும். கோட்டைப் பிடித்துவிடும்; பயணியைத்தான் உலுக்கிவிடும்.

தேர்ந்த ஓட்டுநர் அப்படிச் செய்வதில்லை. 'இப்போதிருக்கும் பிரேக்கிலேயே விட்டால் குறிக்குள் நின்றுவிடும், அப்படியானால் கையை வைக்காதே' என்பது அவர் பழக்கம். இதை அப்படியே ஒரு விதியாக எழுதினார்கள். கணினி ஒவ்வொரு கணமும், பிரேக்கை இந்த நிலையில் வைத்தால் என்ன ஆகும், ஒரு படி கூட்டினால் என்ன ஆகும், குறைத்தால் என்ன ஆகும் என்று முன்னோக்கிக் கணக்குப் போடும். ஒவ்வொரு விளைவையும் நிற்கும் துல்லியம், பயணச் சுகம், நேரம், மின்செலவு என்ற கோணங்களில் நல்லது, மோசம் என்று தரம் பிரிக்கும். எந்தப் படி மொத்தத்தில் தேறுகிறதோ அதை எடுக்கும்.

'நன்றாக நிற்கும்' என்பதை இயந்திரம் எப்படிப் புரிந்துகொண்டது? இதற்கான வழியைத் திறந்தவர், பாகுவில் 1921-இல் பிறந்து கலிபோர்னியாவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லோத்ஃபி ஸாதே. 1965-இல் அவர் எழுதிய ஃபஸ்ஸி கணங்கள் பற்றிய கட்டுரையின் கருத்து எளிமையானது. ஒரு பொருள் ஒரு சொல்லுக்குள் 'அடங்கும், அடங்காது' என்று இரண்டே நிலைகள் இருக்கத் தேவையில்லை. பாதி அடங்கலாம், முக்கால்வாசி அடங்கலாம். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே எந்த அளவிலும் அடங்கலாம். குறிக்கு ஒட்டி நின்றால் 'நன்று' என்பது 1. தள்ளத் தள்ளக் குறைந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் பூஜ்யம். அந்தச் சரிவை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைகிறார். இந்த 'யாரோ ஒருவர்' பிறகு வருவார், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்டாயில் சொற்கள் வேலை செய்ததற்குக் காரணம், ஒவ்வொரு சொல்லும் அளக்கக்கூடிய ஒன்றோடு கட்டப்பட்டிருந்ததுதான். 'நன்று' என்றால் எதில் நன்று, எங்கிருந்து எதுவரை என்பது தெரியும். நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் அரசாணைகளிலும் புழங்கும் சொற்களுக்கு இந்தக் கட்டு இருப்பதில்லை.

சென்னையில் வாடகைக்கு வீடு தேடும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புரோக்கரிடம் சொல்வது மூன்று சொற்றொடர்: வாடகை குறைவாக இருக்கணும், தண்ணீர் கஷ்டம் இருக்கக் கூடாது, ஸ்டேஷன் பக்கமாக இருக்கணும். வாடகை 12,000 என்றால் முழு மனநிறைவு, 20,000 என்றால் சுத்தமாக இல்லை என்று வைத்தால், 15,000 ரூபாய் வீடு 'குறைந்த வாடகை' என்ற சொல்லுக்குள் சுமார் 0.6 அளவுக்கு அடங்கும். தண்ணீருக்கும் தூரத்துக்கும் இதேபோல் போட்டுக்கொள்ளலாம். இரண்டு வீடுகள் தேறின. முதல் வீட்டுக்கு வாடகையில் 0.9, தண்ணீரில் 0.3, தூரத்தில் 0.8. இரண்டாவது வீட்டுக்கு மூன்றிலும் 0.5. எது நல்ல வீடு?

சராசரி எடுத்தால் முதல் வீடு ஜெயிக்கிறது. ஆனால் 1970-இல் ஸாதேயும் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மனும் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பின்பற்றினால் இரண்டாவது வீடுதான். 'இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும், மற்றதும் வேண்டும்' என்று ஒருவர் சொன்னால், ஒரு வீட்டின் மதிப்பு அதன் மிகப் பலவீனமான மதிப்பெண்தான் என்பது அவர்கள் கணக்கு. முதல் வீட்டுக்கு 0.3, இரண்டாவதற்கு 0.5. பத்துப் பாடத்தில் ஒன்பதில் நூறு வாங்கி ஒன்றில் தோற்றவன் தோற்றவன்தான் என்பது போல. 1988-இல் அமெரிக்கரான ரொனால்ட் யாகர் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே வழி போட்டார். 'எல்லாமே தேற வேண்டும்', 'பெரும்பாலானவை தேறினால் போதும்', 'ஒன்றிரண்டு தேறினாலே சரி' ஆகிய சொற்களையும் கணக்குக்குள் கொண்டுவந்தார்.

கணிதம் அழகாக இருக்கிறது. ஆனால் எந்த வீடு என்பதை அது தீர்த்துவைக்கவில்லை. வாடகையில் மிச்சமாகும் பணம் தண்ணீர்க் கஷ்டத்தை ஈடுகட்டுமா என்பதுதான் கேள்வி. சென்னையில் இதற்கு விடை உண்டு: லாரித் தண்ணீர். மாதம் கூடுதலாக 2,500 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கினால் முதல் வீட்டின் தண்ணீர் இரண்டாவது வீட்டின் தண்ணீருக்குச் சமமாகிவிடும் என்றால், 2,500-ஐ அதன் வாடகையில் கூட்டிவிட்டுத் தண்ணீர் என்ற வரியையே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மிச்சம் இரண்டு வரிதான். இந்த உத்தி புதிதல்ல. 1772 செப்டம்பரில் லண்டனிலிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், ஷெல்பர்ன் பிரபுவிடம் வேலைக்குப் போவதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருந்த நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். தாளை நடுவில் கோடிட்டுப் பிரி. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் யோசித்து நிரப்பு. பிறகு, சமமானவை என்று தோன்றும் காரணங்களை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வா. ஒரு சாதகம் இரண்டு பாதகங்களுக்குச் சமம் என்றால் மூன்றையும் அடி. இதுதான் யோசனை. என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பிரீஸ்ட்லி வேலைக்குப் போனார். இந்தக் கடிதத்தை 'சாதக பாதகப் பட்டியல்' என்று மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். பட்டியல் போடுவது யாருக்கும் வரும். எதற்கு எதை அடிப்பது என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

நம்மைத் திசைதிருப்பும் சொல் 'முக்கியம்'. வாடகை முக்கியமா, தண்ணீர் முக்கியமா என்று கேட்கிறோம். கேட்கப்பட்டவரும் தயங்காமல் தண்ணீர் என்கிறார். அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. பார்த்த வீடுகள் எல்லாவற்றிலும் தண்ணீர் ஓரளவு ஒன்றுபோலவே வருகிறது, வாடகை மட்டும் 12,000-லிருந்து 20,000 வரை மாறுகிறது என்றால், தண்ணீர் உயிராதாரமே ஆனாலும் இந்த முடிவில் அதற்கு வேலையில்லை. எவ்வளவு முக்கியம் என்பது, எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த வீச்சைச் சொல்லாமல் 'இதற்கு அதைவிட இரண்டு மடங்கு முக்கியத்துவம்' என்பது வெறும் சத்தம். முடிவெடுத்தல் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ரால்ஃப் கீனி தன் எழுத்துகளில் திரும்பத் திரும்ப எச்சரித்தது இதைத்தான்.

இது ஏட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். அரசு டெண்டர்களில் 'எல்-1' என்ற சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. தரம் கெடுகிறது என்ற புகார் வந்ததும், தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து வெயிட்டேஜ் போடும் முறை பரவலானது. 2021 அக்டோபரில் மத்திய நிதியமைச்சகம் கட்டுமானப் பணிகளுக்கும் இதைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. விலை அல்லாத அம்சங்களுக்கு உச்சவரம்பு 30 சதவீதம். கேட்கும்போது தரத்துக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்த மாதிரி இருக்கிறது அல்லவா? ஒரு கணக்குப் போடுவோம். தேர்வுக் குழுக்கள் சாதாரணமாக யாரையும் பகைத்துக்கொள்ள விரும்புவதில்லை என்பதால், நல்ல நிறுவனத்துக்கு 90, சுமாரான நிறுவனத்துக்கு 84 என்று தர மதிப்பெண் விழுகிறது. 30 சதவீதத்தில் வித்தியாசம் 1.8 புள்ளி. சுமாரானவர் கேட்ட விலை ஒரு கோடி, நல்லவர் கேட்டது ஒரு கோடியே இருபது லட்சம். விலை மதிப்பெண் 100-க்கு எதிராக 83.3. 70 சதவீதத்தில் வித்தியாசம் 11.7 புள்ளி. தரம் தோற்றது மட்டுமல்ல, போட்டிக்கே வரவில்லை. 30 என்ற எண் தாளில் இருக்கிறது. குழு பயன்படுத்திய மதிப்பெண் வீச்சு அதைச் சாப்பிட்டுவிட்டது. ஆணையில் எழுதிய வார்த்தை ஒன்று, நடந்த தேர்வு வேறொன்று. யாரும் விதியை மீறவில்லை.

சொல்லை எண்ணாக மாற்றித் தரும் முறைகளுக்கும் குறைவில்லை. 1970-களில் தாமஸ் சாட்டி என்ற அமெரிக்கப் பேராசிரியர் கொண்டுவந்த முறை இன்று உலகெங்கும் மேலாண்மைப் படிப்புகளில் இருக்கிறது. இரண்டு இரண்டாக ஒப்பிட்டு, சமம் என்றால் 1, கொஞ்சம் மேல் என்றால் 3, நன்றாகவே மேல் என்றால் 5, மிகவும் மேல் 7, அதற்கும் மேல் 9. எளிது, அதனால் பரவியது. ஆனால் 'நன்றாகவே மேல்' ஏன் ஐந்து? முதலாவது இரண்டாவதைவிட ஐந்து மடங்கு, இரண்டாவது மூன்றாவதைவிட ஐந்து மடங்கு என்றால் முதலாவது மூன்றாவதைவிட இருபத்தைந்து மடங்காக வேண்டும். அளவுகோலோ ஒன்பதில் முடிந்துவிடுகிறது. நேர்மையாகப் பேசிய ஆளை முறை முரண்பட்டவர் ஆக்கிவிடுகிறது. 1983-இல் வலேரி பெல்டன், டோனி கியர் என்ற இருவர் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஏற்கனவே பட்டியலில் உள்ள ஒன்றின் நகலைச் சேர்த்தாலே முதலிடம் மாறிவிடக்கூடும்.

எனக்குப் பிடித்தது வேறொரு பாதை. லிஸ்பனைச் சேர்ந்த கார்லோஸ் பானா இ கோஸ்டாவும் பெல்ஜியத்தின் ழான்-க்ளோது வான்ஸ்னிக்கும் 1990-களில் உருவாக்கிய மேக்பெத் என்ற முறை. அதில் எண்ணை யாரும் கேட்பதில்லை. இந்த அளவிலிருந்து அந்த அளவுக்குப் போனால் உங்களுக்கு ஏற்படும் வித்தியாசம் சிறியதா, நடுத்தரமா, பெரியதா என்று சொல்லால்தான் கேட்கிறார்கள். கேட்பது வித்தியாசத்தைப் பற்றி. அதனால் வீச்சு தானாகவே கேள்விக்குள் வந்துவிடுகிறது. நீங்கள் சொன்ன எல்லாச் சொற்களோடும் ஒத்துப்போகும் எண்கள் உண்டா என்று கணினி தேடும். இல்லையென்றால், நீங்கள் சொன்னதில் இந்த இந்தப் பதில்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றன, மறுபடி யோசியுங்கள் என்று திருப்பிக் கொடுக்கும். எண்ணுக்கு ஓடுவதைவிடத் திருப்பிக் கேட்பது எவ்வளவோ மேல்.

இன்று கைபேசியைத் திறந்து, 'ரொம்பச் செலவில்லாமல், வெயில் இல்லாத இடமாக, அம்மாவும் வருகிற மாதிரி ஒரு பயணம் போட்டுக்கொடு' என்று தமிழிலேயே கேட்கலாம். பதில் வந்துவிடுகிறது. 'ரொம்ப' எவ்வளவு என்று இயந்திரம் ஒரு வீச்சை ஊகித்துக்கொள்கிறது; அம்மாவின் முழங்கால் வலியையும் டிக்கெட் விலையையும் எந்த விகிதத்தில் மாற்றிக்கொண்டது என்பதையும் தானே தீர்மானித்துக்கொள்கிறது. அந்த ஊகம் பதிலில் தெரியாது. பதிலுக்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கும் இயந்திரம் எனக்கு வேண்டும். சரளமாகப் பதில் சொல்லும் இயந்திரத்தைக் கண்டால் கொஞ்சம் பயம்.

சரி, ஒரு குடும்பத்துக்குப் பதில் ஒரு நாடே தேர்வு செய்ய வேண்டியிருந்தால்? மெக்சிகோ நகர விமான நிலையத்தின் கதையைச் சொல்கிறேன். 1971-இல் அந்நாட்டின் பொதுப்பணி அமைச்சகம், நகரத்துக்கு விமான நிலைய வசதியை எங்கே, எப்போது பெருக்குவது என்று ஆராயக் கீனியை அழைத்தது. அவரும் அவருடைய ஆசிரியர் ஹவர்ட் ரேஃபாவும் 1976-இல் எழுதிய புத்தகத்தில் இது நீண்ட அத்தியாயமாக இருக்கிறது. போட்டியில் இரண்டு இடங்கள். ஒன்று நகரத்தை ஒட்டிய டெஸ்கோகோ; வற்றிய ஏரிப் படுகை, பழைய நிலையம் இருக்கும் இடம். மற்றது வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் சும்பாங்கோ. அதற்கு முன் ஓர் அமைச்சகம் சும்பாங்கோ என்றது, இன்னோர் அமைச்சகம் டெஸ்கோகோ என்றது.

கீனி ஆறு இலக்குகளை வரிசைப்படுத்தினார்: செலவு, விமானங்களைக் கையாளும் திறன், பயணி போய்ச்சேரும் நேரம், விபத்தில் சாவோர் அல்லது படுகாயமடைவோர் எண்ணிக்கை, இடம்பெயர்க்கப்படுவோர் எண்ணிக்கை, இரைச்சலில் வாழ நேர்வோர் எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் ஆகச் சிறந்த அளவும் ஆக மோசமான அளவும் எண்ணாக முன்வைக்கப்பட்டன. 'பாதுகாப்பு முக்கியமா' என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை பேரின் இடப்பெயர்வைத் தவிர்க்க எத்தனை நிமிடம் கூடுதலாகப் பயணம் செய்யலாம், எத்தனை கோடி பெசோ கூடுதலாகச் செலவிடலாம் என்பது போன்ற கேள்விகள். கேட்கவே கூசும் கேள்விகள்தான். ஆனால் அவற்றைக் கேட்காமல் ஓடுதளம் போட்டாலும் பதில் கொடுக்கப்பட்டுவிடுகிறது. யாருக்கும் தெரியாமல் கொடுக்கப்படுகிறது, அவ்வளவே. ஆய்வு சும்பாங்கோ பக்கம் சாய்ந்தது. ஆனால் ஒரே வீச்சில் இடம் மாறாமல், நிலைமை பார்த்துப் படிப்படியாகப் போகச் சொன்னது.

நான் அறிந்த பல இலக்கு ஆய்வுகளில் மிக நேர்த்தியானது இதுதான். அதன் ஓட்டையும் அதே நேர்த்தியோடு தெரிகிறது. இடம்பெயர்க்கப்படுவோர் என்ற ஐந்தாவது இலக்கின் சரிவை வரைந்தவர்கள் அமைச்சக அதிகாரிகள். சென்டாயில் நான் மனத்தில் வைக்கச் சொன்ன 'யாரோ ஒருவர்' இங்கே வருகிறார். ரயிலில் அந்த ஆள் யாராக இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. குலுங்கினால் எல்லோருக்கும்தான் குலுங்கும். நிலத்தில் அப்படியில்லை.

முப்பது ஆண்டு கழித்து, 2001 அக்டோபரில், அதிபர் பிசென்ட்டே ஃபாக்ஸ் டெஸ்கோகோ பகுதியில் புதிய நிலையம் கட்ட 5,000 ஹெக்டேருக்கு மேல் நிலத்தைக் கையகப்படுத்த ஆணையிட்டார். மானாவாரி நிலத்துக்குக் கொடுப்பதாகச் சொன்ன விலை சதுர மீட்டருக்கு 7.20 பெசோ. சான் சல்வடோர் அட்டென்கோ ஊர் விவசாயிகள் வயல் அரிவாளோடு தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் சொன்னது ஒரே வாக்கியம்: நிலம் விற்பனைக்கில்லை. விலையைப் பல மடங்கு உயர்த்திக் கேட்டுப் பார்த்தது அரசு. பதில் மாறவில்லை. 2002 ஆகஸ்டில் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த வாக்கியத்துக்கு எந்த முறையிலும் எடை போட முடியாது. எந்தச் சரிவும் வரைய முடியாது. எதற்கு ஈடாக எதை என்ற கேள்வியையே அது ஏற்கவில்லை. சில சமயம் இப்படிப்பட்ட பேச்சு பேரம்தான் என்பதும் உண்மை. 'குழந்தை விஷயத்தில் சமரசமே கிடையாது' என்பவர் ஹெல்மெட் இல்லாமல் குழந்தையை டேங்க்கின் மேல் உட்காரவைத்துப் போவதைத் தினமும் பார்க்கிறோம். எது பேரம், எது எல்லைக்கோடு என்பது கேட்டு, விலை கூட்டிப் பார்த்து, மறுபடி கேட்டால்தான் தெரியும். எல்லைக்கோடு என்று தெரிந்தபின் அதை ஐந்தாவது இலக்காக வைத்துச் சராசரி எடுப்பது கணக்கும் அல்ல, நியாயமும் அல்ல. பெல்மனும் ஸாதேயும் இலக்கையும் கட்டுப்பாட்டையும் ஒரே தட்டில் வைத்தார்கள். அவர்கள் கணிதத்துக்கு அது வசதி. அட்டென்கோவைப் பார்த்தபின் எனக்கு அந்த வசதியில் நம்பிக்கையில்லை.

மெக்சிகோவின் கதை அத்தோடு முடியவில்லை. அடுத்த பத்தாண்டில் டெஸ்கோகோவிலேயே இன்னும் பெரிய திட்டம் வந்தது, வேலையும் நடந்தது. 2018 அக்டோபரில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். சீட்டில் இரண்டே தேர்வு: டெஸ்கோகோவைத் தொடர்வதா, அல்லது பழைய நிலையத்தை வைத்துக்கொண்டு சாண்டா லூசியா ராணுவத் தளத்தில் ஓடுதளம் போடுவதா. எதைப் பெற எதை இழக்கிறோம் என்பது சீட்டில் இல்லை. சுமார் பத்து லட்சம் பேர் வாக்களித்ததில் ஏறத்தாழ 70 சதவீதம் சாண்டா லூசியா பக்கம். டெஸ்கோகோ பாதியில் நின்றது. சாண்டா லூசியா நிலையம் 2022 மார்ச் 21-இல் திறக்கப்பட்டது. அது இருப்பது சும்பாங்கோ நகராட்சியில். திறந்த நாளிலிருந்து பயணிகளின் பெரிய புகார் ஒன்றே: போய்ச்சேர நேரமாகிறது. கீனியின் பட்டியலில் அது மூன்றாவது வரி.